கார்த்திகைக்குப் பின் மழை உண்டா? நாகை, காரைக்கால் கடலோரத்துக்கு ஒரு குளிர்கால முன்னோட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கடலோர டெல்டாவின் குளிர்காலம்’. வடக்கே இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நாகப்பட்டினத்தில் ஜனவரி விடியற்காலையில் 22 டிகிரி வாக்கில் இருக்கும். அதற்கே நாம் காதை மூடிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகிறோம். இருந்தாலும் மார்கழி, தை, மாசி என்ற மூன்று மாதங்களும் நமக்குக் குளிரைவிட வேறொரு காரணத்துக்காக முக்கியம். வயலில் சம்பா, தாளடி நெற்பயிர் நிற்கிற நேரம் அது. அதனால்தான் இந்தச் சமயத்தில் என்னைப் பார்க்கிற விவசாயிகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “சார், இனிமே மழை இருக்கா?”

‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கர்ணனைப் பற்றி நான் பேசவில்லை. மழையைப் பற்றிய பாதியை நம்பி அறுவடைக்குத் திட்டம் போடாதீர்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. ‘தானே’ புயல் கடலூரைச் சிதைத்தது 2011 டிசம்பர் 30. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் வாக்கில் கொட்டியது 2023 டிசம்பர் 17-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. மூன்றும் மார்கழி மாதம். சரி, இவை பெரிய பேரிடர்கள், அபூர்வமாக வருபவை என்று தள்ளிவிடலாம். 2021 ஜனவரியை அப்படித் தள்ள முடியாது. புயல் என்று பெயர் வைக்க ஒன்றுமே இல்லாமல், பொங்கலை ஒட்டி நாள் கணக்கில் பெய்து, அறுக்க இருந்த கதிரைத் தண்ணீரில் படுக்க வைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலமும் அதையேதான் செய்தது. அப்போது தை மாதம் பாதியைத் தாண்டியிருந்தது.

காரணம் எளிது. டிசம்பர் பாதிக்கு மேல் மழை மேகங்கள் கூடும் பகுதி தெற்கே இறங்கி இலங்கைக்கும் கீழே போய்விடும். அங்கே ஒரு காற்றுச் சுழற்சியோ தாழ்வுப் பகுதியோ உருவாகி மேற்கே நகரும். அது இலங்கைக்குத் தெற்காகவே குமரிக்கடலுக்குப் போய்விட்டால் நமக்குச் சாரல்தான். கொஞ்சம் வடக்கே ஏறினால் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து வேதாரண்யம் முதல் காரைக்கால் வரை கொட்டும். இதற்குப் புயலே தேவையில்லை. இன்னொரு பக்கம், வடக்கிலிருந்து காய்ந்த காற்று புகுந்துவிட்டால் அதே தாழ்வுப் பகுதி கடலிலேயே வலுவிழந்துவிடும். நேற்று ‘கன மழை’ என்று சொன்ன வானிலை ஆய்வு மையம் இன்று ‘லேசான மழை’ என்று மாற்றுவதற்குப் பல நேரம் இந்த இழுபறிதான் காரணம். “இவங்களுக்கு வேற வேலை இல்லை” என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

பருவகால முன்னறிவிப்பு என்று ஒன்று வருகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ இருந்தால் வடகிழக்குப் பருவமழை நன்றாக இருக்கும், அதே பகுதி குளிரும் லா நினா இருந்தால் குறையும் என்பது பொதுவான கணக்கு. 2015-உம் 2023-உம் எல் நினோ வருஷங்கள். சென்னை வெள்ளமும் தென்மாவட்ட வெள்ளமும் நினைவிருக்கும். லா நினாப் பக்கம் சாய்ந்திருந்த 2016-இல் பருவமழை பொய்த்து, டெல்டாவில் பயிர் கருகியது. ஆனால் 2010-உம் 2021-உம் லா நினா வருஷங்கள்தான். அந்த இரண்டிலும் மழை வெளுத்து வாங்கியது! ஆக, பசிபிக் ஒரு சாய்வைக் காட்டும், அவ்வளவுதான். தவிர, அக்டோபரில் வருகிற அந்த அறிவிப்பு தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஐந்துக்கும் சேர்த்துச் சொல்வது. சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை எது பெய்தாலும் அதன் கணக்கில் ‘இயல்பு’. நம் தலைஞாயிறு ஊர் வயலில் தண்ணீர் நிற்குமா என்று அதில் தேடினால் கிடைக்காது. எவ்வளவு விதை வாங்கலாம், பயிர்க் காப்பீடு செய்யலாமா என்ற அளவில் அது உதவும். அறுவடைத் தேதி குறிக்க உதவாது.

அதற்கு வேறு அறிவிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்து வரும் வாரங்களுக்கான கண்ணோட்டத்தை இந்திய வானிலைத் துறை தருகிறது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வரும். ‘மேகதூத்’ செயலியில் தமிழிலேயே படிக்கலாம். வியாழன் அறிக்கையில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்றிருந்தால் ஆளுக்கும் இயந்திரத்துக்கும் சொல்லிவையுங்கள். பிறகு வரும் ஐந்து நாள் மாவட்ட அறிக்கையும் அதையே சொன்னால் முற்றிய வயலை அறுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டு ஜோசியம் சொல்கிறவர்களில் சிலர் உண்மையிலேயே விவரம் தெரிந்தவர்கள். மற்றவர்களுக்கு எல்லா மேகமும் புயல்தான்.

மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட அது எப்போது வடிகிறது என்பதில்தான் ஆற்றுப் பாசனத்தின் கடைசிக் கோடியில் இருக்கும் கடைமடைக்காரனின் பிழைப்பு இருக்கிறது. வெட்டாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி எல்லாம் கடலைத் தொடும் இடத்தில் நிலம் ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே கிடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியேறாமல் தேங்கும். அந்த இரண்டு மூன்று நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அது மற்ற நாளில் 20 சென்டிமீட்டர் பெய்ததற்குச் சமம் என்பேன். இது என் அனுபவக் கணக்கு, விஞ்ஞானம் இல்லை. எனவே மழை அறிவிப்பு வந்ததும் காலண்டரில் திதியையும் பாருங்கள். திதி மோசமாக இருந்தால் மழைக்கு முந்தின நாளே வரப்பை வெட்டி, இருக்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிவாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் பலிக்காது. அதை மழை தொடங்கின பிறகு அரசுத் துறைக்கு மனுக்கொடுத்து எடுக்க முடியாது. மார்கழி முதல் வாரத்திலேயே ஊர் கூடி எடுத்தால்தான் உண்டு.

சாய்ந்த பயிர் தண்ணீரில் கிடந்தால் மணி கதிரிலேயே முளைத்துவிடும். முளைக்காமல் தப்பினாலும் ஈரம் ஏறிவிடும். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் விதி. மழை பெய்த வருஷங்களில் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும். சேறான வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். மழை விட்ட மறுநாள் எல்லோரும் அதையே தேடுவார்கள், வாடகையும் ஏறும். முன்கூட்டியே பேசி வைத்தவர்களுக்கு வண்டி கிடைக்கும்.

அப்புறம், மீனவர்களுக்கு. மார்கழி, தையில் வானம் வெளுத்து வெயில் அடிக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். வடக்கே உயர் அழுத்தம் கூடும்போது மழையே இல்லாமல் வாடைக் காற்று வலுத்துவிடும். ‘மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று நீங்கள் இந்த வானொலியில் கேட்டுக் கேட்டுப் புளித்த வாசகம் அதைத்தான் சொல்கிறது. அந்த 55-தான் முக்கியம். கோடியக்கரையில் தங்கித் தொழில் பார்க்க வந்திருக்கும் ஃபைபர் படகுக்காரர்கள் மழை அறிவிப்பு இல்லை என்பதற்காகக் காற்று அறிவிப்பை விட்டுவிட வேண்டாம்.

மழை விலகி, இரவில் வானம் தெளிந்து, காற்று அடங்கினால் பனி இறங்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியில் எனக்குச் சண்டை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வெளிச்சம் வரும்வரை பொறுத்தால் நல்லது. அதே பனிதான் உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் உயிர். நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்துவிட்டால் மண் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும். தெளித்தபின் பெருமழை பெய்தால் விதை அழுகிப்போகும். எனவே தெளிப்பதற்கும் அந்தச் செவ்வாய், வெள்ளி அறிக்கையைப் பாருங்கள்.

வேதாரண்யத்து உப்பளக்காரர்கள் ஜனவரியில் பாத்தி சீர்செய்யத் தொடங்கியிருப்பார்கள். தையில் ஒரு மழை பெய்தால் செய்த வேலையெல்லாம் கரைந்து, உப்பு எடுப்பது சில வாரம் தள்ளிப்போகும். நெல்லுக்காவது காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. உப்பளத் தொழிலாளிக்கு அந்த வாரங்களின் கூலி போனது போனதுதான். தை மழைக்கு நிவாரணம் அறிவிக்கும்போது இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.