டயரில் இந்த இரண்டு எழுத்தை நம்பி ஸ்னோவில் இறங்காதீர்கள்! பிக்கப்புக்கு ஆல்-டெரெய்ன் டயர் வாங்கும் முன் பாருங்கள்

[கேமரா தரைமட்டத்தில். பிக்கப்பின் முன் சக்கரம். காய்ந்த சேறு ஒட்டிய டயரை விரல் துடைக்கிறது.]

வணக்கம். என் விரல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எம், ஒரு கூட்டல் குறி, எஸ். மட் அண்ட் ஸ்னோ. சேற்றுக்கும் ஆகும், பனிக்கும் ஆகும் என்று டயரே சொல்கிறது. கனடாவில் பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு, "எல்லாத் தரைக்கும் ஆகும் ஆல்-டெரெய்ன் டயர் போட்டாச்சு, இனி விண்டர் டயர் எதற்கு" என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்த எழுத்தைப் போடுவதற்கு அந்த டயரைப் பனியில் ஒரு அடிகூட ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இது 1970களில் அமெரிக்க ரப்பர் தயாரிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட விதி. டயர் தரையில் படும் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு பள்ளமாக, காலி இடமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் எம்+எஸ் போட்டுக்கொள்ளலாம். ரப்பர் குளிரில் கல்லாகிப் போகுமா, பிரேக் போட்டால் நிற்குமா, இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? வீடியோவின் நடுவில் ஒரு புட்டு மாவு வரப்போகிறது. அது புரிந்தால் டயர் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சேனலுக்குப் புதிதாக வந்தவர்கள் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு உட்காருங்கள்.

[சைட் காட்சி. பாதி கட்டிய வீடுகள், நடுவில் சேற்றுப் பாதை.]

நான் இருப்பது ஒன்டாரியோவில். புது வீடு கட்டும் சைட்டுகளில் வேலை. ஏப்ரலில் உறைந்த மண் இளகும்போது களிமண் முட்டளவு வரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஸ்னோ. அதுவும் பேரி நகரப் பக்கம் போனால் ஜார்ஜியன் பே ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் ஸ்னோ தனி ரகம். டொராண்டோவில் வெயில் அடிக்கும், ஒரு மணி நேரம் 400 ஹைவேயில் வடக்கே போனால் முன்னால் போகும் வண்டி தெரியாது.

முதல் வருஷம் ஒரு கடையில், "அண்ணா, சைட்டுக்குப் போகிற வண்டிதானே, மட் டயர் போடுங்கள், பனிக்கும் இதுதான் பெஸ்ட்" என்றார்கள். பெரிய பெரிய ரப்பர் கட்டையாக, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. போட்டேன். ஜனவரியில் ஒரு காலை, சின்ன இறக்கம், கீழே சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று அடிக்கிறது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சந்தியின் நட்டநடுவில்தான் நின்றது. குறுக்கே யாரும் வரவில்லை. அன்றைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். நான்கு சக்கரமும் சுற்றும் ஃபோர்-வீல் டிரைவ் வண்டி அது. கிளம்புவதற்கு அது உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் போகிறது. நிறுத்துவது டயர்.

சேற்றில் ராஜாவாக இருந்த டயர் பனியில் ஏன் கைவிட்டது?

[மேசை. ஒரு பாத்திரத்தில் வறுத்த அரிசி மாவு, பக்கத்தில் தண்ணீர்.]

புட்டுக்கு மாவு குழைக்கும்போது வீட்டில் என்ன சொல்வார்கள்? கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பாருங்கள், பிடிக்கிறேன், உருண்டையாக நிற்கிறது. விரலால் தட்டுகிறேன், உதிர்ந்துவிட்டது. ஆல்-டெரெய்ன் டயரிடம் நாம் கேட்பது இதைத்தான். பனியைப் பிடி, சேற்றை உதறு. ஒரே டயரிடம் இரண்டையும் கேட்கிறோம்.

முதலில் சேறு. மழைக்காலத்தில் வரப்பில் ரப்பர் செருப்போடு நடந்தவர்களுக்கு இது தெரியும். நாலு எட்டு வைப்பதற்குள் அடியில் சேறு அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு செருப்பின் கோடு, புள்ளி எதுவும் தரையைத் தொடாது. சேற்றின் மேல் சேறு, வழுக்கும். டயரும் அப்படித்தான். பள்ளங்கள் அடைத்துவிட்டால் அது வழவழப்பான உருளை. அதனால் மட் டயரில் கட்டைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விடுகிறார்கள். சக்கரம் சுழலும்போது சேறு தானாகத் தெறித்து விழ வேண்டும். சேற்றில் மாட்டினால் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்வதும் அதற்குத்தான். டயர் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது.

இப்போது பனி. பனிக்கு நல்லதாகப் பிடிப்பது எது தெரியுமா? பனிதான்! ஸ்னோவைக் கையில் எடுத்து அமுக்கினால் உருண்டையாகிறது, இன்னொரு உருண்டையை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. பனிக்கு ஏற்ற டயர் ஸ்னோவைத் தன் இடுக்குகளில் அடைத்து வைத்துக்கொள்ளும். அந்தப் பனி கீழே கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்ளும். நன்றாக ஓடிய பனி டயரைப் பார்த்தால் இடுக்கெல்லாம் வெள்ளையாக இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள், அதுதான் பிடி. இங்கே ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டால் கீழே இருக்கும் பனி உருகி, பளபளவென்று ஐஸாகிவிடும். சேற்றில் உங்களைக் காப்பாற்றிய கால் பனியில் உங்களைப் புதைக்கும்.

[டயர் கட்டை ஒன்றின் நெருக்கக் காட்சி. மெல்லிய வளைவு வெட்டுகளில் விரல் நகம் நுழைகிறது.]

இந்த மெல்லிய வெட்டுகளைப் பாருங்கள். என் நகம்தான் நுழைகிறது. இதற்கு சைப் என்று பெயர். ஒரு மனிதரின் பெயர் அது! ஜான் சைப் என்பவர் 1923இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர், ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கத் தன் காலணியின் அடியில் கோடு கோடாகக் கீறிக்கொண்டார் என்று கதை சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. தரை ஈரமென்று குறைப்பட்டுக்கொள்ளாமல் செருப்பைக் கீறிய மனிதர்! கட்டை அழுந்தும்போது இந்த வெட்டுகள் லேசாகத் திறக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விளிம்பு. அந்த விளிம்புகள்தான் பனியையும் ஐஸையும் கடிக்கின்றன. என் பழைய மட் டயரில் ஒரு கட்டைக்கு ஒரு வெட்டுகூட இல்லை. அந்தச் சிக்னலில் நான் ஏன் நிற்கவில்லை என்பது அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சரி, அப்புறம் ரப்பர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரப்பர் இறுக ஆரம்பிக்கும். விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்தது. ஆல்-டெரெய்ன் டயரோ ஜல்லியிலும் ஆணியிலும் பிய்யாமல் இருக்க வேண்டும், அதனால் அந்த அளவுக்கு இளக்கமாகச் செய்ய முடியாது. ஐஸில் அது விண்டர் டயருக்கு ஈடாகாமல் போவதற்கு இதுதான் காரணம்.

[பக்கவாட்டுச் சின்னம், நெருக்கத்தில்.]

இப்போது நீங்கள் தேட வேண்டிய குறி. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வந்தது. இதைப் போட டயரை உண்மையாகவே பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். இறுகிய ஸ்னோவில் முன்னே இழுக்கும் பிடி, ஒரு ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால்தான் குறி கிடைக்கும். ஆனால் ஒன்று, அந்தச் சோதனையில் அளந்தது கிளம்பும் பிடியை மட்டும்தான். பிரேக், வளைவு, ஐஸ் எதுவும் அதில் இல்லை. ஆகவே மலைக்குறி இருந்தால் வாங்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், விண்டர் டயராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கியூபெக்கில் பதிவான வண்டிக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குறி டயர் கட்டாயம், எம்+எஸ் மட்டும் இருந்தால் அபராதம். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் குளிர்கால டயராகச் செல்லாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 3.5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் எம்+எஸ்ஸையும் விடுகிறார்கள். ஒன்டாரியோவில் கட்டாயமே இல்லை, ஆனால் விண்டர் டயர் போட்டால் 2016இலிருந்து இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

மலைக்குறியோடு வருபவை என்று கேட்டால் பிஎஃப் குட்ரிச் கேஓ2, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, டோயோ ஓபன் கன்ட்ரி ஏ/டி3 எல்லாம் உண்டு. ஆனால் ஒரே பெயரில் வரும் டயரில் சில அளவுகளுக்குக் குறி இல்லாமலும் இருக்கலாம். இணையத்தில் பார்த்ததை நம்பாமல், மாட்டுவதற்கு முன் கடையில் டயரை உருட்டி உங்கள் கண்ணால் பாருங்கள்.

அளவு எல்டி, அதாவது லைட் டிரக், என்று ஆரம்பிக்கும் டயரா, சாதாரண டயரா? பாரம் ஏற்றுகிறவர்கள், கல்லில் ஓட்டுகிறவர்கள் எல்டி எடுங்கள். மற்றவர்களுக்கு அது வீண் எடை, வீண் எரிபொருள். எல்டிக்கு மாறினால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் போதாது, அதே பாரத்தைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்று கடையில் அட்டவணை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அகலமா, ஒடுக்கமா? ரோட்டு ஸ்னோவுக்கு ஒடுக்கமானது நல்லது, அது வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் ரோட்டைத் தொடும். ஐஸ்லாந்தில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பனிமலையின் மேல் 38 அங்குல டயர் போட்டு, காற்றை 3 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிவிட்டு ஓட்டுகிறார்கள்! டயர் சப்பாத்தி மாதிரி பரவி, வண்டி பனியின் மேல் மிதந்து போகும். அங்கே கீழே ரோடே கிடையாது, பல நூறு மீட்டர் ஆழத்துக்குப் பனிதான். எதைத் தொட வெட்டுவது? அதனால் மிதக்கிறார்கள். நம் ஊர் 400இல் அதைச் செய்யக் கூடாது, ஆனால் சைட்டில் சேற்றில் மாட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், வண்டி எழுந்து வரும். ரோட்டுக்கு ஏறும் முன் திரும்ப அடைக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியில் இருக்கட்டும்.

குளிரில் காற்று தானாகவும் இறங்கும். ஐந்தரை டிகிரிக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. செப்டம்பரில் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 20இல் 7 பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.

இன்னொன்று, பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருந்தால் எந்த டயரும் பிடிக்காது, பாரம் முழுக்க முன்னால் இருக்கிறது. மணல் மூட்டை நாலு வாங்கி, பின் அச்சுக்கு நேர் மேலே போட்டுக் கட்டுங்கள். டெயில்கேட் ஓரத்தில் போட்டால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது.

நான் இப்போது என்ன செய்கிறேன்? ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலைக்குறி உள்ள ஆல்-டெரெய்ன். டிசம்பர் வந்ததும் தனி ஸ்டீல் ரிம்மில் முழு விண்டர் டயர். இரண்டு செட்டுக்குக் காசு போகிறதே என்று கேட்பீர்கள். ஒன்று ஓடும்போது இன்னொன்று கராஜில் தேயாமல் இருக்கிறது, அதனால் இரண்டும் கூடுதல் வருஷம் வரும். டொராண்டோவுக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள், ஸ்னோ கொட்டும் நாளில் வீட்டில் இருக்க முடிகிறவர்கள், மலைக்குறி ஆல்-டெரெய்ன் ஒன்றே வைத்துச் சமாளிக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஹைவே ஏறுகிறவர் என்றால், தயவுசெய்து விண்டர் டயர் போடுங்கள்.

[இரண்டு டாலர் நாணயம், டயர் பள்ளத்துக்குள் இறங்குகிறது.]

போவதற்கு முன் ஒரு வேலை. சட்டைப்பையில் இருக்கும் டூனியை, இரண்டு டாலர் நாணயத்தை எடுங்கள். நடுவில் பொன்னிறம், சுற்றி வெள்ளி வளையம். வளையத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர். இப்படிப் பள்ளத்தில் இறக்குங்கள். வளையம் முழுக்க உள்ளே மறைந்து டயர் பொன்னிறத்தைத் தொட்டால் நல்ல ஆழம் இருக்கிறது. வளையத்தில் கால் பங்குக்கு மேல் வெளியே தெரிகிறதா? 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டீர்கள், ஸ்னோ ரோட்டுக்கு அது போதாது என்று கனடா போக்குவரத்துத் துறையே சொல்கிறது. என்னுடையது, இதோ, வெள்ளி ஒரு நூலளவு தெரிகிறது. இந்தக் குளிருக்குத் தாங்கும், அடுத்த வருஷம் மாற்ற வேண்டும். உங்கள் நான்கு டயரிலும் வைத்துப் பார்த்து எது எவ்வளவு தெரிகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன்.