ரோமின் பொதுநிலம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

குடியரசுக்கு லத்தீனில் ரெஸ் புப்ளிகா என்று பெயர். பொதுக்காரியம், பொதுச்சொத்து என இரண்டு பொருளும் அதற்கு உண்டு. கி.மு. 54க்கும் 51க்கும் இடையில் எழுதிய நூலில் ரோமின் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ இதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறார்: குடியரசு என்பது மக்களின் உடைமை, எப்படியோ ஒன்றுகூடிய கும்பலெல்லாம் மக்கள் ஆகாது, சட்டத்தில் உடன்பாடும் பயனில் பங்கும் சேர்த்துக் கட்டியவர்களே மக்கள். பொதுநலம் என்றதும் நாம் பயனை மட்டும்தான் நினைக்கிறோம். சிசரோ அதைச் சட்ட உடன்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிட்டார். அந்த முடிச்சு அவிழ்ந்தால் என்ன நடக்கும் என்பதை ரோம் கி.மு. 133இல் கண்டது.

இத்தாலியில் தோற்ற ஊர்களிடமிருந்து பறித்த நிலத்தில் ஒரு பகுதியை ரோம் பொதுநிலமாக வைத்திருந்தது. யாரும் உழலாம், தானியத்தில் பத்தில் ஒன்று, மரப்பயிரில் ஐந்தில் ஒன்று அரசுக்குத் தர வேண்டும். ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பழைய சட்டமும் இருந்தது. ஏறக்குறைய 310 ஏக்கர். பணக்காரர்கள் அதை மதிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அனுபவித்ததில் பொதுநிலம் சொந்த நிலம் போலவே ஆகிவிட்டது.

சாதாரண மக்களுக்காக ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் பத்து ட்ரிப்யூன்களில் ஒருவரான திபேரியஸ் கிராக்கஸ் அந்த உச்சவரம்பை உயிர்ப்பித்தார். மகன் ஒவ்வொருவருக்கும் 250 யூகெரம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மிஞ்சியதை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை விற்கக் கூடாது. விற்பனைத் தடைதான் சட்டத்தின் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் பஞ்சம் வந்த அடுத்த ஆண்டே நிலம் பழைய கைகளுக்குத் திரும்பியிருக்கும். என் கணிப்பில் இது மிதமான, நியாயமான சட்டம்.

கோளாறு நிறைவேற்றிய முறையில் வந்தது. மேட்டுக்குடியினரின் அவையான செனட்டின் கருத்தைக் கேட்காமல் மசோதா நேரே மக்கள் கூடி வாக்களிக்கும் அவைக்குப் போனது. சக ட்ரிப்யூன் ஒக்டேவியஸ் தடுத்தார். ஒரு ட்ரிப்யூன் தடுத்தால் மசோதா நின்றுவிடும். அவரைப் பதவியிலிருந்தே இறக்க வாக்கெடுப்பு நடந்தது. 35 வாக்குப் பிரிவுகளில் 17 அவருக்கு எதிராக வாக்களித்தபின் திபேரியஸ் நிறுத்தி, விட்டுக்கொடுக்கும்படி மன்றாடினார். அவர் அசையவில்லை. பதினெட்டாவது பிரிவோடு பதவி போயிற்று. தடுக்கும் உரிமையும் அதே மக்களைக் காக்கத்தான் வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. பிறகு திபேரியஸ் இரண்டாம் முறை போட்டியிட்டபோது செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களோடு வந்து அவரை அடித்துக் கொன்றார்கள். கூட இறந்தவர்கள் 300க்கு மேல் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க். விசாரணையே கிடையாது. முதல் மீறலைவிடப் பல மடங்கு பெரிய மீறல் இது.

சட்டம் மட்டும் சாகவில்லை. அதை நிறைவேற்ற அமைந்த மூவர் குழு நிலத்தை அளந்து கல் நட்டது. அவர்களின் பெயர் பொறித்த எல்லைக்கற்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அளவை வேலை பெரும் சிக்கலாயிற்று. பழைய ஆவணங்கள் காணாமல் போயிருந்தன. பொதுநிலம் எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. திராட்சை நட்டு வீடு கட்டியிருந்தார்கள், சீதனமாகக் கொடுத்திருந்தார்கள், முன்னோரைப் புதைத்திருந்தார்கள். ரோமின் நேசநாட்டு இத்தாலியரும் நிலம் இழந்தார்கள். அவர்களுக்கு ரோமில் வாக்குரிமை இல்லை. பொதுப்பயன் என்றால் எந்தப் பொது என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது.

கி.மு. 129இல் அவர்களுக்காகப் பேசியவர் சிப்பியோ எமிலியானஸ், திபேரியஸின் சகோதரியின் கணவர். அவர் பேச்சால் நில வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் குழுவிடமிருந்து, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர் இருவரில் ஒருவரான ஒரு கான்சலுக்குப் போனது. கான்சலோ இல்லிரியப் போருக்குப் புறப்பட்டுவிட்டார். வழக்கைக் கேட்க ஆளில்லை, பங்கீடு முடங்கியது.

முதலில் சொன்ன சிசரோவின் நூல் ஓர் உரையாடல். அது நடப்பதாக அவர் காட்டுவது இதே கி.மு. 129ஆம் ஆண்டில்தான். அதில் குடியரசின் இலக்கணத்தைச் சொல்வதும் இதே சிப்பியோதான். அதற்குச் சற்று முன், நண்பர் லேலியஸ் ஒரு கேள்வி எழுப்புகிறார். திபேரியஸின் மரணமும் அதற்கு முன் அவர் பதவியை நடத்திய விதமும் ஒரே மக்களை இரண்டாகப் பிளந்துவிட்டன. ஒரே நாட்டில் இரண்டு செனட்டும், ஏறத்தாழ இரண்டு மக்களும் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்.