உப்பில்லாத கடல்

தலைவர் அவர்களே, ஓஹாயோவிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, பொருளாளர் அம்மா அவர்களே, போன வருடம் பெயர் விட்டுப்போனதால் கோபித்துக்கொண்ட துணைச் செயலாளர் அவர்களே, சாம்பார் வாசனையையும் மீறி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

நம் மிச்சிகனின் வடக்கே, சூ செயின்ட் மரீயில் இருக்கும் 'வேலி கேம்ப்' கப்பல் அருங்காட்சியகம் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஏரியில் என்ன வியாபாரம், கப்பல் எப்படி ஏறி இறங்குகிறது, புயல் என்ன செய்யும். மூன்றுக்கும் என் பாட்டி சொல்லும் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' பொருந்தும்.

1917-இல் கட்டிய கப்பல், 550 அடி நீளம். இரும்புத்தாது ஏற்றிய அதன் வயிற்றுக்குள்தான் இப்போது கண்காட்சி.

அந்தக் கப்பலைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் சுப்பீரியர் ஏரிக்கரையில் நின்றோம். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "ஏரின்னு சொல்லிக் கடலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே மாப்பிள்ளை" என்றார். ஏரிதான் அத்தை என்றேன். நம்பவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். இன்னொரு கை. "உப்பே இல்லையே! இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு என்ன பயிர் வைக்கிறாங்க?" அதற்குள் ஒரு அலை, கால் சறுக்கியது. பாய்ந்து பிடித்தவர் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர். எனக்கு நீச்சல் தெரியாது. மரம் மாதிரி நின்றேன்.

மறுநாள் கப்பலுக்குள் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' கப்பலின் இரண்டு உயிர்காப்புப் படகுகளைப் பார்த்தோம். 1975 நவம்பர் 10 புயலில் மூழ்கிய கப்பல். 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கிழிந்த தகட்டின் முன்னால் அத்தை பேசவே இல்லை. கப்பலின் நீளம் 729 அடி, அது கிடக்கும் ஆழம் 530 அடி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம். அந்தக் கேப்டனுக்கு ஆழம் தெரியும், ஐயா! அவருக்கே அந்தக் கதி என்றால், பிரியாணி டப்பாவோடு வாடகைப் படகில் ஏறி, லைஃப் ஜாக்கெட்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கும் நமக்கு?

சரி, ஏறி இறங்குவது. சுப்பீரியரிலிருந்து ஹ்யூரான் ஏரிக்குப் போகும் ஆற்றில், சூ செயின்ட் மரீ அருகே 21 அடி மட்ட வித்தியாசம். அங்கே கப்பலை ஏற்றி இறக்க மதகு போட்ட பெரிய தொட்டிகள் இருக்கின்றன, 'சூ லாக்ஸ்' என்று பெயர். அதில் பம்ப் கிடையாது. மதகைத் திறந்தால் தண்ணீரே கப்பலைத் தூக்கும், இறக்கும். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வியாபாரத்தை அடுத்த வருடம் சொல்கிறேன்.

நீச்சல் வகுப்புக்குப் பெயர் எழுத, சாப்பாட்டு வரிசையின் ஆரம்பத்திலேயே நோட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்களுக்குத் தனிப் பக்கம்; முதல் பெயர் என்னுடையது. பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.