மறைந்திருந்த பதின்மூன்றாம் ஆண்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொன்மக் கதைகள் பலவற்றுக்குள் ஒரே வடிவம் ஓடுகிறது என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்ப்பெல். நாயகன் பழகிய உலகை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளுக்கு ஆட்பட்டு மாறுகிறான், பெற்றதைத் தன் மக்களுக்குக் கொண்டு வந்து சேர்க்கிறான் என்று மூன்று கட்டங்களாக அவ்வடிவத்தை அவர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டினார். சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்னும் மூன்று படிகள் இருப்பதை 1909ஆம் ஆண்டிலேயே ஆர்னால்ட் வான் கென்னெப் எடுத்துக்காட்டியிருந்தார். இன்று ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிகளில் இவ்வடிவம் வாழ்க்கை வழிகாட்டியாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் அங்கே புறப்பாட்டின் துணிவும் திரும்பி வருவதன் வெற்றியுமே உரக்கப் பேசப்படுகின்றன. நடுவில் இருக்கும் இருட்டு விரைவாகக் கடக்கப்பட்டுவிடுகிறது. இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. மனிதன் உள்ளுக்குள் மாறுவது அந்த நடுப்பகுதியில்தான். அதைத் தெளிவாகக் காட்டுவது மகாபாரதத்தின் விராட பருவம்.

பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடிந்த பாண்டவர்கள், பதின்மூன்றாம் ஆண்டை எவரும் அடையாளம் காணாதபடி, அஞ்ஞாதவாசமாகக் கழிக்க வேண்டும்; கண்டுகொள்ளப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காடு. மத்சய நாட்டு மன்னன் விராடனின் நகருக்குள் நுழையுமுன், அவர்கள் முதலில் செய்வது தங்கள் ஆயுதங்களைக் களைவதுதான். சுடுகாட்டின் அருகே நிற்கும் ஒரு வன்னி மரத்தில் அருச்சுனனின் வில்லான காண்டீவம் உள்ளிட்ட படைக்கலங்களைக் கட்டி வைத்து, எவரும் நெருங்காதிருக்க ஒரு பிணத்தையும் உடன் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இது நூற்றெண்பது வயதில் இறந்த எங்கள் தாயின் உடல், இது எங்கள் குல வழக்கம் என்று வழியில் கண்ட ஆயர்களிடம் சொல்லிச் செல்கிறார்கள். தன்னைத் தான் யார் என்று காட்டிவந்த அனைத்தையும் பிணத்தோடு பிணமாகக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு ஊருக்குள் போவது எத்தகைய துறவு என்று எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் அவர்கள் ஏற்கும் வேலைகளை நான் பலமுறை வியந்திருக்கிறேன். நகுலன் குதிரை லாயத்துக்கும் சகாதேவன் மாட்டுத் தொழுவத்துக்கும் போகிறார்கள். அவை அவர்களுக்குக் கைவந்த தொழில்களே. மற்ற மூவரின் நிலை வேறு. சூதாடி நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் இழந்த தருமன், மன்னனோடு சூதாடும் தோழனாக, கங்கன் என்ற பெயரில் அமர்கிறான். எந்தக் காய்களால் அழிந்தானோ அதே காய்களை நாள்தோறும் கையில் எடுக்க வேண்டும். இதற்கு முன்பே காட்டில் பிருகதசுவ முனிவரிடம் அவன் சூதின் நுட்பத்தைக் கற்றிருந்தான் என்பதை மறக்கலாகாது. தன் பலவீனத்தை விட்டு ஓடாமல், அதைப் படித்து அறிந்த பிறகே அதன் அருகில் அமர்கிறான். பெருந்தீனிக்குப் பெயர்பெற்ற வீமன் மடைப்பள்ளியில் பிறருக்குச் சமைத்துப் போடுகிறான். ஊர்வசியின் சாபத்தை அந்த ஓராண்டில் அனுபவிக்கும் அருச்சுனன், ஆணுமின்றிப் பெண்ணுமின்றிப் பிருகன்னளையாக நின்று இளவரசி உத்தரைக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கிறான். துச்சாதனன் இழுத்த கூந்தலை முடியேன் என்று சபதம் செய்தவளாக நம் கூத்து மேடைகள் அறிந்த திரௌபதியோ, சைரந்திரி என்னும் பணிப்பெண்ணாகி அரசி சுதேட்டிணையின் கூந்தலை நாள்தோறும் வாரி அலங்கரிக்கிறாள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இக்கதையை வழிகாட்டியாகக் கொள்பவர்கள், துன்பப்படுவோரிடம் இது உனது அஞ்ஞாதவாசம், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிடக் கூடாது. அரசியின் உடன்பிறந்தானான கீசகன் சபை நடுவே உதைத்தபோது திரௌபதி பொறுத்துக்கொள்ளவில்லை. மன்னனையே நேருக்கு நேர் நீதி கேட்டாள். அது கிடைக்காதபோது, இரவில் மடைப்பள்ளிக்குச் சென்று வீமனை எழுப்பினாள். ஒருவர் தானாக ஏற்கும் தாழ்வு வேறு, பிறர் அவர்மேல் ஏற்றும் கொடுமை வேறு என்பதைக் காப்பியம் குழப்பிக்கொள்ளவே இல்லை. ஆன்மிகத்தின் பெயரால் அதைக் குழப்பும் பேச்சுகளைக் கேட்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

ஆண்டின் இறுதியில் வரும் ஒரு காட்சி இன்னும் நுட்பமானது. ஆநிரைகளைக் கவர வந்த கௌரவர்களைத் தன் மகன் உத்தரன் வென்றுவிட்டான் என்று விராடன் மகிழ்கிறான். பிருகன்னளை தேரோட்டும்போது எப்படி வெல்லாதிருப்பான் என்று கங்கன் திரும்பத் திரும்பச் சொல்ல, சினங்கொண்ட மன்னன் சூதுக்காயை அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து குருதி வழிகிறது. தருமன் அது தரையில் விழாதபடி கைகளில் ஏந்திக்கொண்டு அருகில் நிற்கும் திரௌபதியைப் பார்க்கிறான். அவள் நீர் நிறைந்த பொற்கிண்ணத்தில் அதைத் தாங்குகிறாள். போரில் அல்லாமல் தமையனின் குருதியைச் சிந்தச் செய்தவனை உயிரோடு விடேன் என்பது அருச்சுனனின் விரதம். ஆகவே உத்தரனை மட்டும் உள்ளே விடும்படி வாயிற்காவலன் காதில் சொல்லி, தன்னை அடித்தவனின் உயிரைக் காப்பாற்றுகிறான் தருமன். சூதவையில் மனைவியைப் பணயம் வைத்த மனிதனும் இவனும் ஒருவனே என்றால், நடுவில் கழிந்த ஆண்டுகளே அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தன.

உத்தரனையும் நாம் வாய்ச்சொல் வீரனுக்கு உவமையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். கௌரவப் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடியவன்தான். ஆனால் பிருகன்னளை துரத்திப் பிடித்துத் திருப்பிக் கொணர, நடுங்கிய உடம்போடு அதே வன்னி மரத்தில் ஏறி ஆயுதங்களை இறக்கித் தருகிறான். பிறகு அருச்சுனனுக்குத் தேரும் ஓட்டுகிறான். அவனே குருக்ஷேத்திரத்தின் முதல் நாளில் சல்லியனை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். அஞ்சியவனை இகழ்ந்து விட்டுவிடாமல் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட குரு அமைந்ததால் வந்த மாற்றம் அது.

பாண்டவர் யார் என்று தெரிந்தபின், விராடன் தன் மகள் உத்தரையை அருச்சுனனுக்கே மணமுடிக்க முன்வருகிறான். ஓராண்டுக் காலம் அந்தப்புரத்தில் தந்தையைப் போல் என்னை நம்பியவள், ஆகவே என் மகன் அபிமன்யுவுக்கு மனைவியாக, என் மருமகளாக ஏற்கிறேன் என்கிறான் அருச்சுனன். அவர்கள் வழியில் பிறந்த பரீட்சித்தே பின்னர் குருகுலத்தின் ஒரே வாரிசாக எஞ்சினான்.

கேம்ப்பெல் சொன்ன மூன்றாம் கட்டம், வென்று திரும்பி உலகுக்கு வரம் தருவது, இங்கே எளிதில் கிட்டவில்லை. வாக்குத் தவறாமல் திரும்பியவர்களுக்கு ஐந்து ஊர்களைக்கூடத் தர துரியோதனன் மறுத்துவிட்டான். அவர்கள் மாறியிருந்தார்கள்; அத்தினாபுரம் மாறவில்லை.

மழை பொய்த்த காலங்களில் தமிழக ஊர்களில் விராட பருவம் படிக்கச் செய்யும் வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கையோடு வருவோரும், தம் வாழ்வுக்கு வெளிச்சம் தேடி வருவோரும் வில்லிபுத்தூராரின் பாரதத்தில் இப்பகுதியை மட்டுமாவது, அவசரமின்றி, உரையோடு சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.