நாலு நாவல், நாலு விதமான வேலை, கொஞ்சம் சண்டை

வணக்கம் வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் உள்ளே வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தச் சொன்னால் மொத்த வீடும் என்னைத் திட்டும்.

இந்த முறை சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. திட்டம் போட்டு எடுத்ததெல்லாம் இல்லை, கைக்குக் கிடைத்த வரிசையில் படித்தேன். மூன்றாவது புத்தகம் பாதி போனபோதுதான் பளிச்சென்று உறைத்தது, இந்த நாலிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம் நாவல்களில் பாதிப் பேருக்கு வேலை என்பது அறிமுகத்துக்கு மட்டும்தான். நாயகன் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கர் என்று முதல் அத்தியாயத்தில் ஒரு வரி வரும், அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு அந்த ஆள் கம்பெனிப் பக்கமே போகமாட்டான், காதலிப்பான், மொட்டை மாடியில் நின்று யோசிப்பான், ஊருக்குப் போவான், திரும்பி வருவான், லீவு யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன்!

அதனால் இப்போது எனக்கு ஒரு சின்ன சோதனை இருக்கிறது. நாவலில் இருந்து அந்த ஆட்களின் வேலையை உருவி எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா, விழுகிறதா? விழுந்தால் அது வேலை தெரிந்தவர் எழுதிய நாவல். நின்றால் அந்த வேலை வெறும் அலங்காரம். இந்தச் சோதனை எல்லா நாவலுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் 'தண்ணீர்'. எழுபதுகளின் தொடக்கத்தில் 'கணையாழி' பத்திரிகையில் வந்த கதை, 1973இல் புத்தகம். மெல்லிசான புத்தகம்தான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். சென்னையில் ஒரு தெரு, அங்கே குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஜமுனா, அவள் தங்கை சாயா, இருவரும் ஒரு வாடகை இடத்தில் இருக்கிறார்கள். சினிமாவில் வாய்ப்பு என்று சொல்லிச் சொல்லியே ஜமுனாவின் வாழ்க்கையைக் கெடுத்த பாஸ்கர்ராவ் அவ்வப்போது வந்து போகிறான். சாயாவின் புருஷன் ராணுவத்தில், பிள்ளை வேறு வீட்டில் வளர்கிறான். பாஸ்கர்ராவ் விஷயத்தில் அக்காளோடு சண்டை போட்டுக்கொண்டு சாயா ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள்.

கதை என்று கேட்டால் இவ்வளவுதான். நானும் இன்னும் மூன்று நாலு பேரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு வாதம் பண்ணிக்கொள்வோம், அதில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், இதை முடித்துவிட்டு என்னிடம் சொன்னது: "இதில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லுங்கள், குடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள், வருகிறார்கள், மறுபடியும் போகிறார்கள்." அங்கேயே உட்கார்ந்திருந்த என் பெரியம்மா, அந்தக் காலத்தில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர், உடனே திரும்பிக் கேட்டார்: "அப்புறம் வேற என்னடி நடக்கும்? அதுதானே அன்னிக்கு முழுக்க நடக்கும்?"

நான் பெரியம்மா கட்சி. அந்தத் தெருவில் யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் கிடைக்கிறது, யார் வீட்டு அடிபம்பில் யாரை விடுகிறார்கள், வீட்டுக்காரி தனக்கு மட்டும் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறாள், இதிலேயே எல்லோருடைய குணமும் வந்துவிடுகிறது, தனியாக வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய் சரி செய்கிறோம் என்று தெருவையே தோண்டிப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் வருகிற தண்ணீரில் சாக்கடை நாற்றம். இதை வைத்து ஒரு கோபமான பிரசங்கம் எழுதுவது சுலபம். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை, ஒரு வாக்கியத்தில் கூடப் பாருங்கள், அழு என்று நம்மைக் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் டீச்சரம்மா வருகிற இடம். ஜமுனா உயிரை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்து, அதுவும் நடக்காமல் நிற்கிறாள். டீச்சரம்மா அவளுக்கு ஆறுதல் சொல்வாள் என்று நாம் எதிர்பார்ப்போம் இல்லையா? அவள் தன் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதில் தன்னைவிட எத்தனையோ வயது மூத்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், இருமிக்கொண்டே இருக்கும் புருஷன், வாய் ஓயாத மாமியார், இதற்கு நடுவில் பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, தண்ணீர் வேலை. பரிதாபத்துக்காகச் சொல்வது மாதிரியே இருக்காது, வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிப்பது மாதிரி இருக்கும். அதைக் கேட்ட பிறகு ஜமுனாவுக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்திருந்தால் இந்த நாவலே கிடையாது, அதை மட்டும் சொல்கிறேன். என் சோதனையில் முழு மதிப்பெண்.

சரி, அடுத்து 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்தது, இமையத்தின் முதல் நாவல். முதல் நாவலை இப்படி எழுதுகிறவரைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆரோக்கியம் என்று ஒரு அம்மா, புதிரை வண்ணார். அதாவது தலித் மக்களுக்குத் துணி வெளுக்கிற குடும்பம், ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒரு படி. புருஷன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி. வேதத்தில் சேர்ந்த, அதாவது கிறிஸ்தவர்களான குடும்பம், ஒரு பிள்ளையைப் பாதிரியாராக்க வேண்டும் என்று ஆரோக்கியத்துக்கு ஆசை.

இந்த நாவலில் வேலைக்குச் சம்பளம் கிடையாது. துணி வெளுப்பது, பிரசவம் பார்ப்பது, சாவு வீட்டில் செய்ய வேண்டியது, களத்தில் நெல் தூற்றுவது, எல்லாமே ஆரோக்கியம் வீட்டு வேலை. கூலியாக ராத்திரியில் வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறு, அறுவடை சமயத்தில் களத்தில் அள்ளிப் போடுகிற தானியம். போடுகிறவர்கள் மனசு வைத்தால் இரண்டு கை, இல்லாவிட்டால் ஒரு கை. அதை வாங்குவதற்காக ஆரோக்கியம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, புகழ்ச்சி, கெஞ்சல், ஒப்பாரி, சாமி பேரைச் சொல்லி ஒரு மிரட்டல், எல்லாம் ஒரே மூச்சில் வரும். அந்தப் பேச்சும் ஒரு உழைப்புதான் என்று படிக்கும்போதே புரிந்துவிடும். மேரிக்கு ஒரு கொடுமை நடக்கிறது, ஆனால் சோறு போடுகிற ஊரிடம் போய் எப்படி நியாயம் கேட்பது? அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் காலம் மாறுகிறது. ஊருக்குள் தையல் மிஷின் வருகிறது, லாண்டரி வருகிறது, காசு கொடுத்தால் துணி வெளுத்துக் கிடைக்கும். நமக்கு இது நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் ஆரோக்கியத்துக்கு அது பிடிமானம் போகிற விஷயம், அவளுக்கு அந்தக் கேவலமான ஏற்பாட்டிலும் ஒரு உரிமை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் காட்டியிருக்கிறார், எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

இந்த நாவல் வந்த சமயத்தில் எதிர்ப்பும் இருந்தது. தலித் மக்களுக்குள்ளேயே ஒடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் அது யாருக்கு உதவும் என்று கேட்டார்கள். எங்கள் வாதத்திலும் இதே கேள்வி வந்தது. கேள்வியில் நியாயம் இருக்கிறது, அந்தக் குடியிருப்புக்கு வெளியே இருக்கிற ஆதிக்க சாதிக்காரர்கள் இந்த நாவலில் அவ்வளவாகத் தெரிவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஆரோக்கியத்தின் வாழ்க்கையை எழுதாமல் விட்டிருந்தால் அது யாருக்கு உதவியிருக்கும் என்றும் கேட்க வேண்டும் இல்லையா? இமையம் எழுதியதுதான் சரி என்ற பக்கம் நான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

'ஆழி சூழ் உலகு' பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத் தனி வீடியோவே வேண்டும். 2004இல் வந்தது, ஆமந்துறை என்கிற கடற்கரை ஊர், மீன்பிடிக்கிற பரதவர் மக்களின் வாழ்க்கை, ஐம்பது வருஷத்துக்கும் மேலே ஓடுகிற கதை. ஆசிரியர் உவரியில் பிறந்தவர், கட்டுமரம், பாய், வலை, காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன மீன், எல்லாம் உள்ளே இருந்து வருகிறது. கடலில் மாட்டிக்கொண்டு மூன்று பேர் தத்தளிக்கிற பகுதி, அப்பா, அதற்கு இணையாகத் தமிழில் கடலை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். குறை என்றால், கரைக்கு வந்தால் ஆட்கள் அதிகம், யார் யாருக்கு என்ன உறவு என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பேச்சுவழக்கு புரியவில்லை என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். பின்னால் சொல்லடைவு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஓடினால் கதை போய்விடும். புரியாமலே ஐம்பது பக்கம் போங்கள், அப்புறம் காது பழகிவிடும்.

இப்போது 'கரிப்பு மணிகள்'. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். 1979இல் வந்த நாவல், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள். ராஜம் கிருஷ்ணன் எப்படி எழுதுவார் என்றால், நேராக அந்த ஊருக்கே போய், அந்த மக்களோடு பழகி, பார்த்து, கேட்டு, அப்புறம்தான் எழுதுவார். நீலகிரியில் வாழும் படகர் இன மக்களைப் பற்றி 'குறிஞ்சித்தேன்', சிவகாசி தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றி 'கூட்டுக் குஞ்சுகள்', எல்லாம் அப்படித்தான். 1925இல் பிறந்த, அதிகம் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் அந்தக் காலத்தில் இப்படி ஊர் ஊராகப் போய் எழுதினார் என்பதற்கே ஒரு சலாம் போட வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் தேடி நாவல் எழுதுகிற நம் ஆட்கள் காதில் விழட்டும்.

பொன்னாச்சி, அவள் தம்பி பச்சை, இருவரும் உப்பளத்து வேலைக்கு வருகிறார்கள். முதல் பாதி அபாரம். வெள்ளை வெளேர் என்று கண்ணைக் குத்துகிற வெயில், பாத்தியில் கட்டிய உப்பை வாருபலகையால் வாருவது, உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று காலில் விழுகிற புண், அந்தப் புண்ணோடு மறுநாளும் அதே தண்ணீரில் இறங்குவது. பெண்கள் ஒதுங்க இடம் இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, மேற்பார்வை பார்க்கிற ஆட்களின் கை எங்கே நீளும் என்று எப்போதும் பயம். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை, வேலை இல்லை என்றால் கூலி இல்லை, அப்போது வாங்குகிற கடனுக்கு அடுத்த வெயில் காலம் முழுக்க உழைக்க வேண்டும். அந்தக் கணக்கு பொன்னாச்சியின் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இருக்கிறது.

இரண்டாம் பாதியில் ராமசாமி மாதிரி போராடுகிறவர்கள் முன்னால் வருகிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வரத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்கள் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவரை காலும் கையும் கண்ணும் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தை இப்போது வாயால் இன்னொரு தடவை சொல்கிறார்கள். தூத்துக்குடிக்காரத் தோழி ஒருத்தி, அவள் தாத்தா அளத்து வேலை பார்த்தவர், இதை என்னோடு ஒத்துக்கொள்ளவே இல்லை. "உனக்கு அது பிரசங்கம், எங்க தாத்தாவுக்கு அதுதான் வாழ்க்கையில அவர் கேட்ட நல்ல பேச்சு, சங்கத்துக் கூட்டத்துல அப்படித்தான் பேசுவாங்க" என்றாள். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கங்கள் எனக்கு அலுத்தது அலுத்ததுதான்.

நாலில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், நேரம் குறைவு என்றால் 'தண்ணீர்', மனசு திடமாக இருக்கும் நாளில் 'கோவேறு கழுதைகள்', நீண்ட விடுமுறை இருந்தால் 'ஆழி சூழ் உலகு'. 'கரிப்பு மணிகள்' படிக்கக் காசு கூட வேண்டாம், ராஜம் கிருஷ்ணனின் நூல்களைத் தமிழக அரசு அவர் உயிரோடு இருந்தபோதே நாட்டுடைமை ஆக்கிவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு அந்த இரண்டாம் பாதியில் நான் சரியா என் தோழி சரியா என்று சொல்லுங்கள், அவளிடம் அப்படியே காட்டப்போகிறேன்.