பீனிக்ஸில் பத்துச் சுற்று மிச்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

கார் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கும் ஃபார்முலா ஒன்தான் நினைவுக்கு வரும். தாழ்வான உடல், நான்கு சக்கரமும் வெளியே தெரிகிற கார். இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு பந்தயம் பற்றி. அமெரிக்காவில், அதிலும் தென்கிழக்கு மாநிலங்களில், குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிற ஸ்டாக் கார் பந்தயம். பார்வைக்கு ரோட்டில் ஓடுகிற கார் மாதிரியே இருக்கும். ஆனால் கதவு திறக்காது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்று ஸ்டியரிங்கையே கழற்றி வைத்திருப்பார்கள். உட்கார்ந்த பிறகு அதை மாட்டி, ஜன்னலுக்கு வலையைக் கட்டி, அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். இதை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு 1948-இல் தொடங்கியது.

மோட்டார் வண்டிப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருடா வருடம் ஒரு மாணவனாவது வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து கேட்பான்: "சார், எனக்குப் பதினேழு ஆகிடுச்சு. இனிமே ஆரம்பிச்சா ரேஸ் ஓட்ட முடியுமா?" அவனுக்கு நான் சொல்கிற கதை வில்லியம் பைரனுடையது.

1997 நவம்பர் 29-இல் வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் பிறந்தவர் பைரன். நாஸ்கார் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் அந்த நகரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனாலும் அவர் குடும்பத்தில் பந்தயக்காரர் யாரும் கிடையாது. இந்தத் துறையில் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே சின்ன வண்டியில் ஏறிவிடுகிறார்கள். நான்கு முறை சாம்பியனான ஜெஃப் கார்டன் அப்படித்தான் தொடங்கினார். பைரனோ பதின்வயதில், வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொடங்கினார். ஐரேசிங் என்ற மென்பொருளில், மேசையில் ஒரு ஸ்டியரிங்கும் காலடியில் பெடல்களும் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பந்தயங்கள் ஓட்டினார். வெற்றிகள் மட்டுமே நூறைத் தாண்டும்.

விளையாட்டுதானே என்று சிலர் நினைக்கலாம். அந்த மென்பொருளில் இருக்கிற ஓடுதளங்கள் நிஜ ஓடுதளங்களை லேசர் கொண்டு அளந்து செய்தவை. தார் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதுவரை பதிவாகியிருக்கும். எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை விட வேண்டும், எந்த இடத்தில் பிரேக்கைத் தொட வேண்டும் என்பதை ஆயிரம் முறை தப்பாகச் செய்து பார்க்கலாம். செலவு கிடையாது, கை கால் உடையாது.

ஒன்று மட்டும் அதில் கிடைக்காது. காரின் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்போது ஓட்டுநருக்கு அதை முதலில் சொல்வது கண் இல்லை, இருக்கை. இடுப்புக்குக் கீழே லேசாக ஒரு நழுவல் தெரியும், அதற்குள் கை தானாகத் திருத்திவிடும். அறை நாற்காலி அந்தச் சேதியைச் சொல்லாது. சின்ன வயதிலிருந்து ஓட்டியவர்கள் முதுகால் கற்றதைப் பைரன் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டு வந்தார். உடம்பு அப்புறம்தான் கற்றுக்கொண்டது. நான் பார்த்தவரை, அவர் அலட்டாமல் ஓட்டுவதற்கும் வண்டியில் என்ன குறை என்று அணியிடம் தெளிவாகச் சொல்வதற்கும் அந்தக் கம்ப்யூட்டர் வருடங்களே காரணம்.

நிஜ வண்டியில் ஏறும்போது அவருக்குப் பதினைந்து வயது. லெஜண்ட்ஸ் கார் என்பார்கள். 1930, 40-களின் கார்களைச் சுருக்கிச் செய்த உருவம், உள்ளே மோட்டார் சைக்கிள் இன்ஜின். 2013-இல் அதில் 30-க்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார். அடுத்த வருடம், புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் பங்குதாரராக இருக்கிற ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணிக்காக உள்ளூர்ப் பந்தயங்களில் லேட் மாடல் கார். 2015-இல் கே அண்ட் என் கிழக்குத் தொடர் என்ற வட்டாரப் பந்தயத் தொடர், அதில் சாம்பியன். ஒன்று சொல்லியாக வேண்டும்: வசதியான குடும்பம் அது. டயருக்கும் பெட்ரோலுக்கும் பணம் இல்லாத வீட்டில் இதே திறமையுள்ள பையன் இந்த வேகத்தில் படியேறியிருக்க முடியாது. மாணவர்களிடம் இதை நான் மறைப்பதில்லை.

2016-இல் டிரக் தொடர். பிக்கப் டிரக் உருவத்தில் செய்த பந்தய வண்டிகள், நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் முதல் படி. கோவையில் வளர்ந்த நம் நரேன் கார்த்திகேயன் 2010-இல் ஓட்டியதும் இந்தத் தொடரில்தான். நரேன் மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் தன் முதல் பந்தயத்திலேயே 13-வதாக வந்தார், அந்த வருடம் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு அவரையே மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துத்தான் நான் ஸ்டாக் கார் பக்கம் திரும்பினேன்.

பைரன் அந்த 2016-இல் ஏழு பந்தயங்களை வென்றார். அறிமுக ஓட்டுநர் யாரும் அதற்குமுன் அவ்வளவு வென்றதில்லை. அவருடைய குழுத் தலைவர் ரூடி ஃபியூகல். குழுத் தலைவர் என்றால், ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, டயரில் எவ்வளவு காற்று, டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் எந்தச் சுற்றில் பிட்டுக்கு வருவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். நவம்பரில் அரிசோனாவின் பீனிக்ஸ் ஓடுதளம். அதில் தேறினால், கடைசிப் பந்தயத்தில் பட்டத்துக்காக மோதும் நான்கு பேரில் ஒருவராகலாம். பைரன் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். பத்துச் சுற்று போல மிச்சம். இன்ஜின் வெடித்தது. அவ்வளவுதான், பட்டம் கைவிட்டுப் போனது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்த வாரம் ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட்டில் கடைசிப் பந்தயம். ஜெயித்தாலும் பட்டம் கிடையாது என்று தெரிந்தே ஓட்டி, ஜெயித்தார். அந்த வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி அது.

2017-இல் அடுத்த படியான எக்ஸ்ஃபினிட்டி தொடர். நான்கு வெற்றிகள், அதில் ஒன்று நவம்பரில் அதே பீனிக்ஸில். பத்தொன்பது வயதில் சாம்பியன். 2018-இல் ஹென்ட்ரிக் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அவரை உச்சித் தொடரான கப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் 24-ஆம் எண் காரைக் கொடுத்தது. ஜெஃப் கார்டன் ஓட்டிப் புகழ்பெற்ற எண். ஒரு படிக்கு ஒரு வருடம் என்று வந்துவிட்டார். அந்த எண்ணின் கனம் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. சிறந்த புதுமுகம் என்ற விருது கிடைத்தது, ஆனால் முதல் வருடம் வெற்றி இல்லை. இரண்டாம் வருடமும் இல்லை.

சிறுவயதில் அவருக்குப் பிடித்த ஓட்டுநர் ஜிம்மி ஜான்சன், ஏழு முறை சாம்பியன். அப்போது இருவரும் ஒரே அணி. அந்த ஏழு பட்டங்களுக்கும் குழுத் தலைவராக இருந்த சாட் நாஸ், 2019-இல் பைரனின் காருக்கு வந்தார். 2020 ஆகஸ்ட் 29, டேடோனா. பட்டத்துக்கான கடைசிக் கட்டப் பந்தயங்களான பிளேஆஃப்புக்குத் தகுதி பெறக் கடைசி வாய்ப்பு. ஜான்சன், பைரன் இருவருமே விளிம்பில். பந்தயம் முடியப்போகிற நேரத்தில் பெரிய மோதல். ஜான்சன் அதில் சிக்கிக்கொண்டார். அது அவர் முழுநேரமாக ஓட்டிய கடைசி சீசன், தகுதி கிடைக்கவில்லை. பைரன் தப்பி, கப் தொடரில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். சின்ன வயதில் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கிற ஆள் வெளியே போகிற அதே இரவில் தான் உள்ளே போவது எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

2021-இல் நாஸ் அணியின் நிர்வாகத்துக்குப் போக, குழுத் தலைவராக யாரை அழைத்தார்கள் தெரியுமா? டிரக் காலத்து ரூடி ஃபியூகலை. சேர்ந்து மூன்றாவது பந்தயத்திலேயே வெற்றி, அதுவும் ஹோம்ஸ்டெட்டில். 2023-இல் ஆறு வெற்றிகள். 2024-இல் இந்தப் பந்தயங்களிலேயே பெரியதான டேடோனா 500.

டேடோனாவைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர். வளைவுகள் 31 டிகிரி சாய்வு. நின்று ஏறினால் கையை ஊன்ற வேண்டியிருக்கும். அதில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், முன் காரின் பம்பரை ஒட்டி நாற்பது கார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஓட்டுநரால் முழுதாகப் பார்க்க முடியாது. அரங்கத்தின் கூரையில் நிற்கிற ஸ்பாட்டர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார்: "உள்ளே ஒருத்தன்... இன்னும் இருக்கான்... போய்ட்டான்." முகம் தெரியாத குரலை நம்பித்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். வானொலியில் பேசும்போது எனக்கு அந்த ஸ்பாட்டர் ஞாபகம் வருகிறது.

2025 பிப்ரவரியில் அங்கே கடைசிச் சுற்று. பைரன் முதல் ஐந்து பேரில்கூட இல்லை. முன்னால் போனவர்கள் மோதிச் சிதற, மேல் ஓரமாக வண்டியை விட்டுக் கோட்டைத் தொட்டார். அதிர்ஷ்டம்தான். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காததும் ஒரு காரணம். அடுத்தடுத்து இரண்டு வருடம் டேடோனா 500 வென்றவர்களில் அவர் ஐந்தாவது ஆள்.

அதே வருடம் நவம்பர் 2. பட்டத்துக்கான கடைசிப் பந்தயம், நான்கு பேரில் பைரன் ஒருவர். ஓடுதளம் மறுபடியும் பீனிக்ஸ். குழுத் தலைவர் அதே ஃபியூகல். மூன்றே மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது பைரனின் டயர் போனது, கார் சுவரில் மோதியது. எல்லாரும் வேகம் குறைத்து ஒன்றாகச் சேர வேண்டிய மஞ்சள் கொடி விழுந்ததால், பட்டத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்ட டென்னி ஹாம்லினும் அதை இழந்தார். காரிலிருந்து இறங்கிய பைரன் தன் அணிக்காக மட்டுமல்ல, ஹாம்லினின் அணிக்காகவும் வருத்தப்பட்டார். இருபத்தெட்டு வயது முடிய அவருக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

நன்றி, வணக்கம்.