கையெழுத்துப் போட்டது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது வீட்டு ஆட்கள்தான். எல்லாரும் வெறுப்பில்தான் கொண்டுபோய் விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று சங்கிலி போடுவதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அடியோடு தடை செய்கிறது. சரி, சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்பவரை என்ன செய்வது? பழைய 1987 சட்டத்தில், உறவினர் எழுதிக் கொடுத்து இரண்டு டாக்டர் சான்றிதழும் இருந்தால் 90 நாள் வரை உள்ளே வைக்கலாம். புதிய சட்டத்தில் முதலில் 30 நாள்தான். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தகவல் போகவேண்டும். பெண் என்றால் மூன்றே நாள். நோயாளி அங்கே முறையிடலாம். ஆனால் வரமறுப்பவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை வாசல் வரை கொண்டுவருவது, நான் பார்த்தவரை, இன்னும் குடும்பத்தின் பாடுதான்.

மனநல சமூகப் பணியாளராக வார்டில் இருந்தபோது ஒரு இளைஞர் கேட்டார். சேர்ந்து ஐந்தாம் நாள், தூக்கம் திரும்பியிருந்தது.

"ஃபார்ம்ல யார் சார் கையெழுத்துப் போட்டது?"

"உங்க அண்ணன்."

"அவன்கூட பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க சித்தியக் கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே சார்."

அண்ணன் போட்டது சட்டப்படி சரிதான். நாமாக யாரையும் நியமிக்காவிட்டால், நமக்காகக் கையெழுத்துப் போடும் இடம் உறவினருக்குப் போகிறது. ஆனால் 'எனக்காகப் பேச இவர்' என்று ஒருவரை நாமே நியமிக்கலாம். வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அவரும் சம்மதம் என்று எழுதித் தரவேண்டும். மனம் மாறினால் ஆளையும் மாற்றலாம். இந்தச் சட்டத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இது. ஆனால் அப்படி ஒரு தாளோடு வந்த குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அந்தத் தம்பி என் மேஜையில் உட்கார்ந்து நாலு வரி எழுதினார். பக்கத்தில் சித்தி. இரண்டு முறை வாசித்துவிட்டுச் சம்மதம் எழுதினார்.

"இத எங்க தம்பி வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

ரேஷன் கார்டோடு வைக்கச் சொன்னேன்.